ஓய்வு நாளும் உடையும்

போயா தினம் வெள்ளிக்கிழமையிலோ திங்கட்கிழமையிலோ வந்துவிட்டால் எங்கள் நாட்டில் தொடர்ந்தாற்போல மூன்று நாட்கள் ஓய்வு கிடைத்துவிடுகின்றது. வெசாக் போயாவுக்கு மறுநாளும் விடுமுறையாதலால் சில ஆண்டுகளில் அது நான்கு நாட்களாகவும் நீளுவதுண்டு. 1966ஆம் ஆண்டிலிருந்து 1971ஆம் ஆண்டு வரையில் சனி, ஞாயிறுக்குப் பதிலாகப் போயா நாட்களே வார விடுமுறைகளாக இருந்தமையை முதியோர் இன்னும் நினைவுகூருவர். எந்த நாளில் வந்தாலென்ன, ஓய்வு ஓய்வுதான். அதனை எப்படிக் கழிப்பது, என்ன சமைப்பது, யார் வீட்டுக்குப் போவது என்றெல்லாம் வாரத்தின் நடுப்பகுதியிலேயே திட்டமிடும் நாம், அந்த நாட்களில் எதனை உடுத்துவது என்பதைப் பற்றி மட்டும் சிந்திப்பதேயில்லை.

சிந்தியாமையின் விளைவு இரண்டு வகைப்படும். ஒரு சாரார், கிழிந்ததும் சாயம் போனதும் பொத்தான் அறுந்ததுமான உடுப்புக்களையே வீட்டுக்கென ஒதுக்கிவிடுகின்றனர். படலையில் யாரேனும் கூப்பிட்டால் துவாய் ஒன்றைத் தேடித் தோளிற் போட்டுக்கொண்டே வெளியே வரவேண்டியிருக்கின்றது. மற்றொரு சாரார், விடுமுறை என்றதும் கடைக்கு விரைந்து, பகட்டான உடுப்பொன்றை வாங்கி, அதன் விறைப்பையும் வியர்வையையும் மூன்று நாட்களும் சகித்துக்கொள்கின்றனர். முன்னதிற் சுகம் உண்டு, கௌரவம் இல்லை. பின்னதில் இரண்டுமே இல்லை, பணமும் போய்விடுகின்றது. இவ்விரண்டுக்கும் இடையே, உடம்புக்கு இதமானதும் கண்ணுக்கு லட்சணமானதும் கைக்கு அடக்கமானதுமான ஒரு வழி இருக்கின்றது. அதனையே இங்கு கவனிப்போம்.

துணியே முதல்

உடுப்பின் அழகைத் தையல் தீர்மானிக்கலாம், ஆனால் அதன் சுகத்தைத் துணியே தீர்மானிக்கின்றது. கொழும்பின் காற்றில் ஆண்டு முழுவதும் ஈரம் மிகுந்திருக்கும். யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் வைகாசி, ஆனி மாதங்களின் வெயிலைச் சொல்லவேண்டியதில்லை. இத்தகைய நாட்டில் ஓய்வுக்கான துணி பருத்தியே. சாதாரண நிலையிற் பருத்தி நூல் தன் எடையில் ஏறக்குறைய 8 சதவீதம் ஈரத்தைத் தன்னுள்ளே கொள்ள வல்லது. பொலியெஸ்டர் நூலோ அரை சதவீதமேனும் கொள்வதில்லை. ஆகவேதான் பருத்தி உடுப்பு வியர்வையை வாங்கிக்கொள்ள, பொலியெஸ்டர் உடுப்பு முதுகில் ஒட்டிக்கொள்கின்றது. கசங்காது, சீக்கிரம் உலரும், இஸ்திரிக்கை வேண்டாம் என்ற பெருமைகளெல்லாம் அலுவலகத்துக்கும் பிரயாணத்துக்கும் பொருந்தும். பாயில் சாய்ந்து கதைப் புத்தகம் வாசிப்பவருக்குக் கசங்குதல் ஒரு குறையாகாது.

பருத்தியிலும் வாயில், கைத்தறி, சீத்தை எனப் பல வகைகள் உண்டு. வாயில் மெல்லியது, காற்றோட்டமானது. எனினும், ஊடு தெரியும் தன்மையுடையதாதலால் உட்பாவாடை அவசியம். கைத்தறி சற்றுக் கனமானது, நீடித்து உழைக்கும். மருதமுனைக் கைத்தறிச் சாரங்களை உடுத்துப் பழகியவர், துவைக்கத் துவைக்க அவை மிருதுவாவதை அறிவர். ஓய்வு நாளுக்கு மிகச் சிறந்த துணி எதுவெனக் கேட்டால், புதிய துணியன்று, நூறு முறை துவைத்தும் நூல் தளராத பழைய பருத்தித் துணியே என்போம். அது பெரும்பாலும் எங்கள் அலுமாரியிலேயே இருக்கின்றது.

பழைய சேலையிலிருந்து ஓர் உடுப்பு

உடுத்துச் சலித்த வாயிற் சேலை ஒன்று இல்லாத வீடு அரிது. அதன் நீளம் சுமார் 5½ மீற்றர். முதலிற் சேலையை யன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்க்கவேண்டும். இடுப்பிற் செருகும் பகுதியும் காலில் உரசும் கரையும் மெலிந்திருப்பது வழக்கம். மெலிந்த இடங்களிற் சோக்கட்டியால் அடையாளமிட்டு, இரு பெருவிரல்களாலும் மெதுவாக இழுத்துப் பார்க்க நூல் விலகுமாயின் அந்தப் பகுதியை விட்டுவிடவேண்டும்.

நடுத்தர உயரமுள்ள பெண்ணுக்குத் தோளிலிருந்து கணுக்காலுக்குச் சற்று மேல்வரை 1.30 மீற்றர் என்று கொள்வோம். முன்னும் பின்னுமாக 2.60 மீற்றர், கைகளுக்கு 40 சென்றிமீற்றர், ஆக 3 மீற்றருக்குள் ஒரு ஹவுஸ்கோட் அடங்கிவிடும். எஞ்சிய 2½ மீற்றரில் ஐந்தாறு வயதுப் பிள்ளைக்கு ஒரு சட்டையும், அதன் பின்பும் துணி நல்லதாக இருந்தால் ஒரு தலையணை உறையும் எடுக்கலாம். ஒரு பழைய சேலை மூன்று புதுப் பொருட்களாகிவிடுகின்றது. செலவு நூலுக்கு மட்டுமே. பொத்தான்களை வீட்டுக்காரரின் பழைய சேட்டிலிருந்து கழற்றிக்கொள்ளலாம்.

தைக்கும்போது ஐந்து விடயங்களைக் கவனித்தல் நன்று. ஒன்று, மார்பளவுக்கு மேலாக 20 சென்றிமீற்றர் தளர்வு போதும். அதனிலும் கூடினால் உடுப்புச் சாக்குப்போலத் தொங்கும், குறைந்தால் குந்தி எழும்பும்போது பிரியும். இரண்டு, கழுத்திலிருந்து மார்புவரை திறப்பு வைத்து நான்கு பொத்தான்கள் இடுதல் நல்லது. சேலைக் கரையையே அந்தத் திறப்பின் பட்டியாக வைத்தால் வேறு அலங்காரம் வேண்டியதில்லை. மூன்று, கைகள் முழங்கைக்குச் சற்று மேலே ஒடுக்கமாக முடிய வேண்டும். நான்கு, வாயில் போன்ற மெல்லிய துணியில் இரட்டைத் தையல் அவசியம். முதலில் துணியின் நல்ல பக்கம் வெளியே இருக்கும்படி வைத்து ஒரு தையல் போட்டு, ஓரத்தைச் சிறிதாக வெட்டி, பின்பு உட்புறமாகத் திருப்பி மீண்டும் தைத்தால் நூல் பிரிவதேயில்லை.

ஐந்தாவது, பொக்கற். பெண்களின் உடுப்பிற் பொக்கற் வைப்பதைத் தையற்காரர் ஏனோ மறந்துவிடுகின்றனர். அலுமாரித் திறப்பு, லேஞ்சி, சில்லறைக் காசு, இக்காலத்திற் கைத்தொலைபேசி ஆகிய யாவற்றையும் வீட்டுப் பெண்ணே சுமக்கின்றாள். அவற்றை வைக்க இடமின்றி வீடு முழுதும் தேடித் திரிகின்றவளும் அவளே. 15 சென்றிமீற்றர் அகலமும் 18 சென்றிமீற்றர் ஆழமுமாக இரு பக்கமும் பொக்கற் வைத்து, உட்புறம் தடித்த பழந்துணி கொடுத்துத் தைத்துவிட்டால் கைத்தொலைபேசியின் பாரத்தை வாயில் தாங்கும். பாண் கொண்டுவரும் முச்சக்கரவண்டி இசை எழுப்பிக்கொண்டு வாசலில் வந்து நிற்கும்போது, பொக்கற்றிலிருந்து காசை எடுத்துக்கொண்டு துவாய் தேடாமலே வெளியே போகலாம். ஒரு வீட்டுடைக்கு இதனிலும் நல்ல பரீட்சை வேறில்லை.

அடுப்பங்கரையில் அவதானம்

இவ்விடத்தில் ஒரு முக்கியமான விடயத்தைச் சொல்லாமல் விடுதல் தகாது. விடுமுறையிற் சமையல் கூடும். தளர்ந்த உடுப்போடு அடுப்பண்டை நிற்கும் நேரமும் கூடும். நைலோன், பொலியெஸ்டர் போன்ற துணிகள் நெருப்புப் பட்டதும் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்வன. பருத்தி உருகாது. ஆயினும், தீப்பற்றும் தன்மை அதற்கும் உண்டு. மெல்லிய வாயிலாயின் மிக விரைவாகப் பற்றும். ஆகவே துணி எதுவாயினும், அகன்று தொங்கும் கைகளும் நிலத்திற் புரளும் ஓரங்களும் பறக்கும் முந்தானையும் சமையலறைக்கு ஆகா. மேலே கைகள் ஒடுக்கமாக இருக்கவேண்டுமென்று நாம் கூறியதன் காரணம் இதுவே. சமைக்கும்போது தடித்த பருத்தித் துணியாலான ஏப்ரன் ஒன்றை முன்னே கட்டிக்கொள்வதும் உத்தமம்.

மண்ணெண்ணெய்ப் போத்தல் விளக்குகள் சரிந்து எத்தனையோ ஏழைக் குடும்பங்களிற் பெண்களும் பிள்ளைகளும் எரிகாயமடைந்ததைக் கண்டு, சத்திரசிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர அவர்கள் எளிதிற் சரியாத தட்டையான கண்ணாடி விளக்கொன்றை ஆக்கினார். திருகு மூடியுடைய அந்த விளக்குக்காக 1998ஆம் ஆண்டில் அவருக்கு ரோலெக்ஸ் விருது கிடைத்தது. விளக்கைத் திருத்துவது அவர் செய்த தொண்டு. உடுப்பைத் திருத்துவது எங்கள் கையில் இருக்கின்றது. உடுப்பிற் தீப்பற்றினால் ஓடக்கூடாது. உடனே நிலத்திற் படுத்து உருளவேண்டும். அருகிலிருப்போர் தடித்த பருத்தி விரிப்பினால் மூடி அணைக்கவேண்டும். பின்பு எரிந்த இடத்தில் 20 நிமிடங்களுக்கு ஓடும் குளிர்ந்த நீரை ஊற்றவேண்டும். தோலில் ஒட்டிய துணியை இழுக்கலாகாது. பற்பசையோ வெண்ணெயோ பூசாமல் வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லவேண்டும். இதனை வீட்டிலுள்ள பிள்ளைகளுக்கும் சொல்லிவைத்தல் நன்று.

சாரமும் சட்டையும்

ஆண்களின் ஓய்வுடையைப் பற்றிக் கவலையில்லை. சாரத்தை மிஞ்சிய ஓய்வுடையை உலகத்தில் எவரும் கண்டுபிடித்ததாகத் தெரியவில்லை. அளவெடுக்க வேண்டாம், பொத்தான் வேண்டாம். தொந்தி பெருத்தாலும் மெலிந்தாலும் அதே சாரம் பொருந்தும். இந்நாட்டின் எல்லாச் சமூகத்தவரும் உடுத்தும் பொதுவுடை என்ற பெருமையும் அதற்குண்டு. அதன் சிக்கனமோ அபாரம். உடுத்து மெலிந்தபின் இரவிற் போர்த்துக்கொள்ளலாம். வலுவுள்ள சாரமாயின் குழந்தைக்கு ஏணை கட்டலாம். பின்பு சட்டி பிடிக்கும் துணியாகும். கடைசியில் நிலம் துடைக்கும். தன் ஆயுளில் இத்தனை பதவி வகிக்கும் உடுப்பு வேறு எது?

சாரத்துக்கு மேலே என்ன என்பதுதான் கேள்வி. வெறும் பெனியன் வீட்டாருக்குப் போதும், விருந்தினருக்குப் போதாது. கழுத்துப்பட்டி நைந்த அலுவலகச் சேட் ஒன்றை எடுத்து, பட்டியைக் கழற்றி மறுபுறம் திருப்பித் தைத்தால் அது இன்னும் இரண்டு வருடம் உழைக்கும். நீண்ட கைகளின் மணிக்கட்டுப் பகுதி நைந்திருந்தால் முழங்கைக்கு மேலே வெட்டி மடித்துத் தைக்கலாம். வெட்டிய துண்டு பொக்கற்றுக்கு உதவும். கோயிலுக்குப் போகவேண்டிவரின் வேட்டியும் சால்வையும் தனியே மடித்து ஆயத்தமாக இருக்கட்டும். நல்லூரில் ஆண்கள் மேற்சட்டையின்றியே உட்செல்லுவதால் சட்டையைப் பற்றிய கவலையும் அங்கில்லை.

சிறுவரும் முதியோரும்

பிள்ளைகளின் விடுமுறை எங்களுடையதைப் போன்றதன்று. அவர்களுக்கு ஓய்வு என்பது ஓட்டம். ஆகவே மண்ணிற் புரளக்கூடியதும் இலகுவிற் துவைக்கக்கூடியதுமான அரைக் காற்சட்டையும் கையில்லாத சட்டையும் போதும். இடுப்பு இலாஸ்டிக் தோலிற் தடம் பதிக்குமாயின் அது இறுக்கமென்று அறிக. கழுத்தைச் சுற்றி இழுத்துக் கட்டும் நாடா வைத்த உடுப்பைத் தவிர்க்கவேண்டும். ஊஞ்சலிலும் படலையிலும் மரக்கிளையிலும் அது சிக்கி அபாயம் விளைக்கும். சட்டையின் அடியில் 5 சென்றிமீற்றர் மடித்து வைத்துத் தைத்தால், பிள்ளை வளர வளர அவிழ்த்துவிடலாம்.

முதியோருக்கு வேறு கவலை. வயது சென்றவர்கள் விழுவதற்கு நீண்ட ஓரங்களும் தேய்ந்த செருப்புக்களும் காரணமாகின்றன. பாட்டியின் உடுப்பு நிலத்திலிருந்து ஆறேழு சென்றிமீற்றராவது உயர்ந்திருக்கட்டும். கைவிரல்கள் விறைத்தவர்களுக்குப் பின்புறப் பொத்தானும் சிறு கொக்கியும் பெருந்துன்பம். முன்புறத்திற் பெரிய பொத்தான்களே உகந்தவை. இறப்பர்ச் செருப்பின் அடி வழவழப்பாகிவிட்டால் அது குளியலறையிற் சறுக்கும். வார் அறுந்ததா என்று மட்டும் பாராமல் அடியையும் திருப்பிப் பார்த்து, தேய்ந்திருந்தால் தாமதியாது மாற்றிவிடுங்கள். இந்த ஒரு செலவிற் சிக்கனம் பாராட்டுதல் தகாது.

நுவரெலியாவுக்குச் செல்வோர் மட்டும் எங்கள் பருத்திப் புராணத்தோடு ஒரு கம்பளியையும் சேர்த்துக்கொள்ளவேண்டும். 1,800 மீற்றருக்கு மேலான உயரத்தில் இரவுக் குளிர் கடுமையானது. தடித்த உடுப்பு ஒன்றை வாங்குவதிலும், பெனியன், பருத்திச் சட்டை, கம்பளி என ஒன்றன்மேலொன்றாக அணிதலே இதமும் இலாபமுமாகும். வெயில் ஏறியதும் ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொள்ளலாம்.

வாங்க வேண்டிவரின்

பழையதில் ஒன்றும் தேறவில்லையாயின் வாங்கத்தான் வேண்டும். 1978இற் கட்டுநாயக்காவில் ஏற்றுமதி வலயம் தொடங்கியதும், 1992இல் 200 ஆடைத் தொழிற்சாலைகளை நிறுவும் திட்டம் ஆரம்பமானதும் எங்கள் சந்தையை மாற்றிவிட்டன. வெளிநாட்டுக்கென எங்கள் பெண்கள் தைத்த உடுப்புக்களில் மிகுதியானவையும் சிறு குறையுள்ளவையும் புறக்கோட்டையிலும் நடைபாதைகளிலும் மலிவு விலைக்குக் கிடைக்கின்றன. வாங்கும்போது உட்புறத்தைத் திருப்பித் தையலைப் பாருங்கள். கைக்குழியில் நூல் பிரிந்திருக்கிறதா, முன்பக்கமும் பின்பக்கமும் ஒரே நிறமா என்று வெளிச்சத்திற் கவனியுங்கள். துணியின் பெயர்ச்சீட்டு வெட்டப்பட்டிருந்தால் ஓரத்திலிருந்து ஒரு நூலை வீட்டுக்குக் கொண்டுவந்து, பீங்கானின் மேலே இடுக்கியாற் பிடித்து, அருகில் தண்ணீர் வைத்துக்கொண்டு கொளுத்திப் பார்க்கலாம். கடதாசி எரியும் மணத்தோடு சாம்பலாக உதிர்ந்தால் அது பருத்தி. உருகிக் கடினமான மணியாக உருண்டால் அது செயற்கை நூல்.

விலையைப் பற்றி ஒரு கணக்குச் சொல்வோம். உதாரணமாக, 6,000 ரூபாவுக்கு வாங்கிய பகட்டு உடுப்பை ஆண்டில் 3 முறை அணிந்தால் ஒரு முறைக்கு 2,000 ரூபா. 2,500 ரூபாவுக்கு வாங்கிய பருத்தியுடுப்பை வாரத்துக்கு இருமுறையாக 50 வாரங்கள் அணிந்தால் ஒரு முறைக்கு 25 ரூபா. சிக்கனம் என்பது குறைந்த விலையைத் தேடுவதன்று, கூடிய உழைப்பைத் தேடுவதே. 1970களின் முற்பகுதியில் இறக்குமதிக் கட்டுப்பாட்டினாற் துணிக்காக வரிசையில் நின்றவர்களுக்கும், 2022ஆம் ஆண்டு நெருக்கடியில் விலைகள் ஏறியதைக் கண்டு கடைவாசலிலேயே திரும்பியவர்களுக்கும் இதனை விளக்க வேண்டியதில்லை.

துவைப்பும் பாதுகாப்பும்

புதுப் பருத்தித் துணியை வெட்டுமுன் ஓர் இரவு நீரில் ஊறவைத்து உலர்த்தவேண்டும். சுருங்குவது முன்பே சுருங்கிவிடும். சாயம் போகுமா என்றறிய, நனைத்த ஓரத்தில் வெள்ளைத் துணியை அழுத்திப் பாருங்கள். நிறம் ஒட்டினால் சில முறை தனியே துவைக்கவும். சாயத்துணியை உட்புறம் வெளியே தெரியும்படி திருப்பி நிழலில் உலர்த்தினால் நிறம் நெடுநாள் நிற்கும். ஓய்வுடைக்குக் கஞ்சி போடவேண்டாம். விறைப்பு அலுவலகத்துக்கு, தளர்வு வீட்டுக்கு. சவர்க்காரத்தையும் அளவாகவே உபயோகியுங்கள். 1990களில் வடபகுதியிற் சவர்க்காரம் கிடைத்தற்கரிதானபோது பனம்பழக் களியினாற் துணி வெளுத்த குடும்பங்கள், சவர்க்காரத்தின் ஒவ்வொரு துண்டின் அருமையையும் அறியும்.

ஓய்வு யாருக்கு?

எல்லாம் சொன்னபின் ஒன்று எஞ்சுகின்றது. தகப்பனார் சாரத்தோடு சாய்மனைக் கதிரையிலும், பிள்ளைகள் அரைக் காற்சட்டையோடு முற்றத்திலும் விடுமுறையைக் கொண்டாட, அந்த உடுப்புக்களையெல்லாம் தைத்தவளும் துவைத்தவளும் மடித்தவளும் எந்த உடுப்போடு எங்கே இருக்கின்றாள்? பல வீடுகளில் அவள் எல்லோரிலும் பழைய உடுப்போடு அடுப்படியில் நிற்கின்றாள். நல்ல சேலைகள் அலுமாரியில் மடிப்புக் குலையாமல் இருக்கின்றன. யாருக்காக? கலியாணவீடுகளுக்காக. தனக்காக உடுத்துவது வீண்செலவென்று நினைப்பது சிக்கனமன்று, அது தன்னைத்தானே குறைத்து மதிப்பதாகும்.

ஆகவே வாசகியரே, வீட்டில் முதலாவதாகத் தைக்கும் ஓய்வுடை உங்களுடையதாக இருக்கட்டும். வீட்டுக்காரரே, அந்த உடுப்பு உண்மையிலேயே ஓய்வுடையாவதற்கு ஒருநேரச் சமையலையும் ஒரு வாளித் துணியையும் நீங்கள் ஏற்றுக்கொள்ளவேண்டும். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீர்க் குழாயடிக்குப் போவது ஒன்றும் கடினமான காரியமன்று. அடுத்த நீண்ட விடுமுறை வருமுன் ஒரு மாலைப்பொழுதில் அலுமாரியைத் திறந்து அந்தப் பழைய வாயிற் சேலையை வெளிச்சத்திற் பிடித்துப் பாருங்கள். நூல் இன்னும் தளராமல் இருந்தால் கத்தரிக்கோலை எடுக்கலாம்.